சனிக்கிழமை முடிச்சு

சென்னையில் இரவு ஒன்பது மணி என்றால் மலேசியாவின் கோலசிலாங்கூரில் பதினொன்றரை. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டதிலிருந்து இந்த இரண்டரை மணி இடைவெளி மாறவில்லை. விடியுமுன் தோட்டத்துப் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டியவர்களுக்குச் சென்னையின் ஒன்பது மணி நாடகம், அதே நேரத்தில் பார்ப்பதானால், பாதித் தூக்கத்தில் பார்க்கிற நாடகம்தான். ஜெராமை அடுத்த கடலோரச் சுங்கை செம்பிலாங்கிலிருந்து ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வரை செம்பனைத் தோட்டங்களுக்குள் வாழ்பவர்களும், தோட்டத்தை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தவர்களும் கதையைத் துண்டுதுண்டாகவே வாங்கிக்கொள்கிறார்கள். திங்கள் பார்த்தது, செவ்வாய் விட்டுப்போனது, புதன் பக்கத்து வீட்டு அக்கா வாய்வழி சொன்னது, வியாழன் கைப்பேசியில் ஓடியது. எழுதியவர் போட்ட வரிசை ஒன்று, கேட்டவருக்குக் கிடைக்கும் வரிசை இன்னொன்று.

இது நடக்கும் என்று தெரிந்துதான் தமிழ் நெடுந்தொடர் கட்டப்படுகிறது. ஒரு செய்தி சமையலறையில் சொல்லப்படும். அதே செய்தி தொலைபேசியில் மறுபடி வரும். கோயில் வாசலில் மூன்றாம் முறை. அதிர்ந்துபோன முகம் மூன்று கோணத்தில் வந்து போகும். கேலிக்கு இதைவிட வசதியான இலக்கு கிடையாது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் தவறவிடும் பார்வையாளருக்கு இது காப்பீடு. கதை பிடிபடாமல் அவர் கைவிட்டுப் போகாதிருக்க ஒவ்வொரு பகுதியும் தன் முன்கதையைத் தானே சுமக்கிறது.

திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’ (2002–2005) எண்ணூற்றுச் சொச்சம் பகுதிகள் தாங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மனைவியை இழந்த சிதம்பரம், அவருடைய ஐந்து மகள்கள் என்பதே அதன் சட்டகம். இன்று எந்த மகள் வீட்டில் தொல்லை என்று தெரிந்தால் போதும், ஐம்பது பகுதி விட்டுப்போனவரும் உள்ளே நுழைந்துவிடலாம். மூத்தவள், நடுவள், கடைக்குட்டி என்ற உறவு வரிசை பார்வையாளர் மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஒளிபரப்பு வரிசை அறுந்தாலும் அது அறுவதில்லை. திருச்செல்வத்தின் ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1533 பகுதிகள் ஓடியதும் இதே பலத்தில்தான். நாயகி அபிக்கும் வில்லன் ஆதிக்கும் பகை என்ற ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு எந்தச் செவ்வாயிலும் ஏறிக்கொள்ளலாம்.

இதற்குக் கொடுத்த விலையும் சிறியதல்ல. இந்தச் செவ்வாயை அடுத்த செவ்வாய்க்கு மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் தெரியாத தொடரில் காரணகாரியம் நீர்த்துவிடுகிறது. அங்கே உண்மையான வரிசையை நிர்ணயிப்பது கிழமை. சன் தொலைக்காட்சியின் தொடர்கள் வாரத்துக்கு ஐந்து நாளாக இருந்தவரை பெரிய முடிச்சு வெள்ளிக்கிழமை விழுந்தது. ஆறு நாளானதும் அது சனிக்குத் தாவியது. தாலி அறுகிற காட்சியோ, கதவைத் திறந்தவர் யார் என்ற கேள்வியோ புதன்கிழமை வருவது அபூர்வம்.

எதிர்த் திசையில் நிற்பது ‘மர்மதேசம்’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில் நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ 1990களின் பிற்பகுதியில் வாரம் ஒரு பகுதியாக வந்தது. கதை இரண்டு காலங்களில் நடக்கிறது: ஒரு சிறுவனின் கிராமத்து நாட்கள், அவன் வளர்ந்த பிறகான நாட்கள். ஒன்றில் விழும் குறிப்பு மற்றதில் பொருள் பெறுகிறது. எது முதலில் காட்டப்படுகிறது என்பதில்தான் கருப்பு சாமியா, மனிதரா என்ற ஐயமே உயிர்வாழ்கிறது. நடந்த வரிசையில் அடுக்கிக் காட்டினால் அது வெறும் குற்றக்கதை. தோட்டத்து எல்லையில் முனியாண்டிக்கும் கருப்பருக்கும் சுருட்டும் சாராயமும் படைத்துப் பழகியவர்களுக்கு அந்த ஐயம் வெறும் உத்தியாகவும் தெரியாது.

வரிசை எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்பதை நம் கூத்து வெகுகாலமாக அறிந்திருக்கிறது. வடதமிழகத்துத் திரௌபதியம்மன் திருவிழாவில் பாரதம் பகலில் படிக்கப்பட்டு, இரவில் கூத்தாக நடக்கும். துகிலுரிதலுக்குப் பின்தான் அர்ச்சுனன் தபசு, எல்லாம் முடிந்து பதினெட்டாம் போர், பிறகு தீமிதி. அங்கே இரவுகளை மாற்றிப் போட முடியாது, ஏனெனில் கதையின் முடிவோடு சடங்கின் முடிவும் பிணைந்திருக்கிறது. அதே கூத்துக்குழு ஒரு சாவு வீட்டுக் கருமாதியில் ‘கர்ண மோட்சம்’ மட்டும் ஆடிவிட்டுப் போகும். முன்னும் பின்னும் யாரும் கேட்பதில்லை; கேட்பவருக்கு முழுக்கதை மனப்பாடம். தொலைக்காட்சித் தொடருக்கு இந்த வசதி இல்லை, அதன் முடிவு எழுதியவருக்கே பல சமயம் தெரியாது.

படப்பிடிப்பும் கதை வரிசையில் நடப்பதில்லை. ஒரே வீட்டில் வரும் பல பகுதிகளின் காட்சிகளை நடிகரின் கால்ஷீட்டைப் பார்த்து மொத்தமாக எடுத்துவிடுவார்கள். இந்த மூன்று வரிசைகளும், அதாவது எடுப்பது, சொல்வது, காட்டுவது ஆகியவை, ஒன்றாகச் சேர்ந்த நாள் 2014 மார்ச் 5. திருமுருகனின் ‘நாதஸ்வரம்’ ஆயிரமாவது பகுதி அன்று நேரலையாக, வெட்டே இல்லாமல் 23 நிமிடம் 25 விநாடி ஓடி கின்னஸில் இடம்பெற்றது. கதையில் பெரிதாக ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை என்றாலும், அது துணிச்சலான வேலை.

சாவு வேறு விதமாக வரிசையைக் கலைக்கும். ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது உடல்நலம் குன்றி இறந்தார். வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வரும்வரை பாத்திரத்தைத் திரைக்கு அப்பால் நிறுத்திக் கதையை நகர்த்த வேண்டியிருந்தது. விஜய் தொலைக்காட்சியின் ‘மகாசங்கமம்’ இன்னொரு கலைப்பு, ஆனால் திட்டமிட்டது. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ குடும்பமும் ‘பாக்கியலட்சுமி’ குடும்பமும் ஒரே வீட்டில் கூடியதுண்டு. ஒன்றை மட்டும் பார்த்து வந்தவர் மற்றதன் நடுவில் போய் விழுந்தார். விளம்பரதாரருக்கு லாபம். கதைக்கு அவ்வளவாக இல்லை.

மேலை நாடுகளில் நிலையங்களே வரிசையை மாற்றிக் கெடுத்த கதைகள் உண்டு. ஃபாக்ஸ் நிறுவனம் 2002இல் ‘ஃபயர்ஃப்ளை’ தொடரின் தொடக்கப் பகுதியை ஒதுக்கிவிட்டு வேறொன்றை முதலில் காட்டியது. விண்கப்பலில் யார் யார், ஏன் வந்தார்கள் என்று சொல்லும் அந்தப் பகுதி டிசம்பரில், தொடர் நிறுத்தப்பட்ட நேரத்தில் வெளியானது. எடுத்த 14 பகுதிகளில் 11 மட்டுமே ஒளிபரப்பாயின. ஜப்பானின் ‘ஹருஹி சுசுமியா’ 2006இல் வேண்டுமென்றே கலைத்துக் காட்டப்பட்டது. 2009இல் புதிய பகுதிகளையும் சேர்த்து, நடந்த வரிசையில் மறுபடி வந்தது. நெட்ஃபிலிக்ஸின் ‘கலைடாஸ்கோப்’ (2023) ஒவ்வொருவருக்கும் வேறு வரிசையில் பகுதிகளைப் போட்டது. ஆனால் கொள்ளை நடக்கும் பகுதியை மட்டும் எல்லோருக்கும் கடைசியில்தான் வைத்தது. அவ்வளவு சுதந்திரம் தர அதற்கும் மனம் வரவில்லை.

மறு ஒளிபரப்பு வரிசையைத் தொடாமலே கதையை மாற்றும். 1987–88இல் ஞாயிறுதோறும் வந்த ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ 78 பகுதிகள், கொரோனா ஊரடங்கின்போது 2020 மார்ச் 28 முதல் தூர்தர்ஷனில் காலையும் இரவும் ஓடின. ஒரு வாரக் காத்திருப்பு அரைநாளாகச் சுருங்கியபோது சீதையைத் தேடும் படலத்தின் பாரமும் சுருங்கியது. அதே ஊரடங்கில் சன் தொலைக்காட்சி ‘மெட்டி ஒலி’யைத் திரும்பக் கொண்டுவந்தது, முடிவு தெரிந்தவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள், கர்ண மோட்சம் பார்ப்பவர்களைப் போல.

இப்போது கோலசிலாங்கூர்த் தோட்டப்புறத்திலும் பலருக்குத் தொடர் வருவது யூடியூப் வழி. அங்கே புதியது மேலே நிற்கும், பழையது அடியில் போகும். ஒரு பகுதி முடிந்ததும் இயந்திரம் எடுத்துக்கொடுப்பது அடுத்த பகுதியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, அழுகை அதிகமுள்ள நான்கு நிமிடத் துண்டாகவும் இருக்கலாம். அதனால்தான் தயாரிப்பாளர்கள் பகுதி எண்ணையும் தேதியையும் தலைப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். ரசிகர்களோ தாங்களே பட்டியல் போட்டு, முதல் பகுதியிலிருந்து வரிசைப்படுத்தி வைத்துக்கொள்கிறார்கள்.