வளைந்து கொடுப்பது யார்?

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழியை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறோம். பையன் வளைவது பாடம் படிப்பதற்காக. பெண் வளைவது, இனிமேல் போகப்போகும் வீட்டுக்காக. அவளிடம் அந்தச் சொல் 'வளைந்து கொடு', 'அனுசரித்துப் போ', 'விட்டுக்கொடு' என்று நீண்டுகொண்டே போகும். இளங்கொம்பு வளையும், முற்றியது முறியும் என்ற மர அறிவு இந்தப் பழமொழிக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் முற்றிய மரத்தையும் வளைக்கும் தச்சுமுறை ஒன்று உண்டு. பட்டைகளை அடுக்கி ஒட்டி வளைவான அறைகலன் செய்யும் அந்த முறையைக் கவனித்துப் பார்த்தால், வளைவைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்டவற்றில் பாதி பொய் என்று தெரியவரும்.

24 மில்லிமீட்டர் தடிமனுள்ள தேக்குச் சட்டத்தை அப்படியே வளைத்துவிட முடியாது. அதே தடிமனை 3 மில்லிமீட்டர் கொண்ட எட்டுப் பட்டைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் வளையும். தடிமன் எட்டில் ஒன்றாகக் குறையும்போது விறைப்பு 512இல் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. எட்டுக்கும் பசை தடவி, வளைவான அச்சின்மேல் அடுக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கி, காயவிட்டால் வளைவு நிற்கும். பழைய உறுதியும் பெருமளவு திரும்பிவிடும்.

நாற்காலியின் காலோ கைப்பிடியோ ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருக்க வேண்டுமானால் இன்னொரு வேலை சேரும். ஒட்டி முடித்த பிறகு செதுக்கி மெலியவைத்தால் வெளி அடுக்குகள் நடுவழியில் அறுபடும். அறுபட்ட ஓரம் பிரிய வாய்ப்புண்டு. ஆகவே ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு பட்டையையும் சாய்வான தாங்குபலகையில் வைத்து, ஒரு முனை 3, மறுமுனை 1.5 மில்லிமீட்டர் என்று இழைத்துக்கொள்கிறார்கள். அப்போது எல்லா அடுக்குகளும் அறுபடாமல் முனைக்கு முனை ஓடும். இறுக்கமான வளைவை மெலிந்த முனையில் வைப்பார்கள். அதுதான் அதிகம் வளையும்.

கிளாம்பைக் கழற்றியதும் மரம் சற்றே நிமிரும். பசை இல்லாத தனிப் பட்டையாக இருந்தால் அநேகமாக நேராகவே ஆகிவிடும். பக்கத்துப் பட்டை அதை நகரவிடாமல் பிடித்திருக்கிறது. அந்தப் பக்கத்துப் பட்டையை அடுத்தது பிடித்திருக்கிறது. சாதாரண வெள்ளைப் பசை போட்டால் காய்ந்த பிறகும் அடுக்குகள் மெல்ல மெல்ல நகரும் என்பதால், எபாக்சி போன்ற விறைத்து இறுகும் பசையைத் தேடுகிறார்கள். நிமிரப்போகிறது என்று தெரிந்தே, அச்சைத் தேவைக்கு மேல் வளைத்துச் செய்வதும் உண்டு. எனவே வளைவு மரத்தின் குணம் அல்ல. அது ஓர் ஏற்பாடு.

இதை அறியாத விமர்சனம்தான் வளைவைக் கண்டதும் 'பெண்மை' என்கிறது. 'நளினம்', 'கொடிபோல்', 'ஒசிந்து' என்று இலக்கியத்தில் பெண்ணுடலுக்குச் சூட்டிய சொற்களையே நாற்காலிக்கும் சூட்டுகிறது. கள்ளக்குறிச்சியில் வாழும் நமக்கு இந்தச் சொற்கள் அன்றாடப் புழக்கம். இவ்வூர் மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. மூவளைவாக நிற்கும் தேவியின் இடுப்பை வியக்காதவர் இல்லை. ஆனால் அந்த மரக்கட்டைக்குள் இழையோட்டம் நேராகத்தான் ஓடுகிறது. வளைவு உளியால் வெட்டப்பட்டது; இழையை அது குறுக்கே அறுக்கிறது. மெல்லிய விரலும் வளைந்த கையும் எளிதில் ஒடிவது அங்கேதான். செதுக்கும்போது இழையை வெட்டுகிறோம், ஒட்டும்போது இழையைப் பிடித்துவைக்கிறோம். இரண்டிலும் மரம் தானாக வளையவில்லை.

பெண்மை என்று புகழப்பட்ட இந்த வடிவங்களின் வரலாற்றில் பெண்ணின் பெயர் எப்படி இருக்கிறது? அமெரிக்காவில் ரே ஈம்ஸும் சார்ல்ஸ் ஈம்ஸும் சேர்ந்து மெல்லிய மரத்தாள்களை ஒட்டி வளைத்துப் பழகினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது காயம்பட்ட கால்களுக்கான தாங்கிகளைச் செய்தார்கள், பிறகு நாற்காலிகள். 1946இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது தலைப்பில் இருந்தது சார்ல்ஸின் பெயர் மட்டும். பின்லாந்தில் ஐனோ ஆல்ட்டோ 1935இல் ஆர்டெக் நிறுவனத்தைத் தொடங்கிய நால்வரில் ஒருவர். 1949இல் இறக்கும்வரை அதை வழிநடத்தியவரும் அவர்தான். ஆனாலும் வளைந்த பிர்ச் மரக் கால் என்றதும் உலகம் சொல்வது அவர் கணவர் அல்வாரின் பெயரை. வடிவத்துக்குப் பெண்மையைக் கொடுத்துவிட்டு, கையெழுத்தை ஆணுக்குக் கொடுப்பது எங்கும் ஒரே வழக்கமாக இருக்கிறது.

அந்த வளைவில் சாய்ந்து இளைப்பாறியவர் யார் என்பது அடுத்த கேள்வி. நம் வீடுகளில் ஈசிசேர் தாத்தாவுடையது. பாட்டிக்குத் திண்ணையோரமோ அடுப்படி மணையோ இருந்தது. தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' சாகித்திய அகாதமி விருது பெற்று ஆண்டுகள் ஆகிவிட்டன. வீட்டுப் பொருள்களை விற்றுத் தின்றுகொண்டே நாற்காலியை விட்டு எழாத ஆணை அதில் பார்த்தோம். முதுகின் வளைவுக்கு ஏற்ப மரம் வளைவது அவருக்காக. அந்த நாற்காலிக்குக் காப்பி கொண்டுவரும் முதுகு வளைந்ததை எந்த வடிவமைப்பு வரலாறும் எழுதவில்லை.

தச்சுக்கூடத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான பாடம் அச்சைப் பற்றியது. நாற்காலி முடிந்து வீட்டுக்கு வரும்போது அச்சு கூடவே வருவதில்லை. பட்டைகளும் பசைக்கோடுகளும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். 'பெண்ணுக்குப் பெண்ணே எதிரி' என்ற வசனம் இப்படிப்பட்ட பார்வையிலிருந்து பிறக்கிறது. கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கமிருந்தோ, கீழே சின்னசேலம் பக்கமிருந்தோ வரும் மாணவி, படிப்பை நிறுத்திக் கல்யாணத்துக்குத் தலையாட்டும்போது அவளைச் சுற்றி நிற்பவர்கள் அம்மா, பெரியம்மா, அத்தை, அக்கா. அவளைப் பிடித்திருப்பவர்களும் ஒரு காலத்தில் பிடித்து நிறுத்தப்பட்டவர்களே. வயதிலும் சொத்திலும் சொல்லிலும் யார் மெலிந்தவளோ, அவள்மேல்தான் வளைவு மிக இறுக்கமாக விழுகிறது. சாதி, நிலம், குடும்ப மானம் என்று எல்லாமாகச் சேர்ந்து செய்த அச்சு, தன் வேலையை முடித்துவிட்டு ஓரமாக நிற்கிறது. அத்தையைத் திட்டுவது எளிது; அச்சைப் பார்க்கத்தான் பழக வேண்டும்.

ஒட்டுதல் என்பதே அடிமைத்தனம் என்று நான் சொல்லவரவில்லை. தனிப் பட்டையால் ஒருவர் எடையைத் தாங்க முடியாது. எட்டும் சேர்ந்தால் தாங்கும். பெண்கள் சேர்ந்து நிற்பதன் வலிமையும் அதே இயற்பியல்தான். எந்த அச்சில் சேர்கிறோம், யார் உட்காருவதற்காகச் சேர்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

ஆகவே வளைவான ஒன்றைக் கண்டால், அது நாற்காலியோ கவிதையில் வரும் பெண்ணின் இடையோ, 'எவ்வளவு அழகு' என்று சொல்லி நிறுத்திவிடாமல் அதன் பக்கவாட்டைப் பாருங்கள். அங்கே பசைக்கோடுகள் தெரியும். எத்தனை பட்டைகள், எது மெலிந்தது, அச்சைச் செய்தவர் யார் என்று கேளுங்கள். வளைந்து கொடுப்பது உன் இயல்பு என்று யாராவது சொன்னால், கிளாம்பைக் கழற்றியதும் நிமிரும் பட்டையை அவருக்குக் காட்டலாம்.