இரத்தத்தில் தேடும் நரம்பு நொதி

திருவரங்கத்துக்குக் கிழக்கே திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழைத் தோட்டங்கள் நீள்கின்றன. தண்டுக் கூன்வண்டு இறங்கிய வாழைக்கு ஊசி போடுவார்கள். 150 மில்லி மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தை 350 மில்லி தண்ணீரில் கலந்து, தண்டில் இரண்டு இடங்களில் 4 மில்லி வீதம் ஏற்றச் சொன்னது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. கையுறை இல்லாமல் இந்த வேலை செய்தவர் வாந்தி, தலைசுற்றல், கண் மங்கல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் எழுதப்படும் இரத்தப் பரிசோதனை ‘கோலினெஸ்டரேஸ்’. அதன்மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கை அதன் தகுதிக்கு மிஞ்சியது.

மருந்து தாக்குவது அசிடைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை. மூளையிலும், விழித்திரையிலும், நரம்பு தசையைத் தொடும் இடத்திலும் அது இடத்தை விட்டு நகராமல் பற்றிக்கொண்டு நிற்கிறது. அசிடைல்கோலின் தன் செய்தியைச் சொன்னதும் அதை உடைப்பது அதன் வேலை. ஒரு மூலக்கூறே விநாடிக்கு ஆயிரக்கணக்கில் உடைத்துத் தள்ளும். அதன் செரின் முனையில் பாஸ்பரஸ் மருந்து ஏறிக்கொண்டால் உடைப்பு நின்றுபோகும். கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், எச்சில் ஒழுகும், நெஞ்சில் நீர் கட்டும்.

நரம்பைக் கிள்ளிச் சோதிக்க முடியாது என்பதால் இரத்தத்தை எடுக்கிறோம். செலவு குறைவு, பேச்சுமூச்சில்லாமல் வருபவரின் உடம்பில் என்ன நஞ்சு என்று துப்புக் கொடுக்கும். அந்த அளவில் நல்ல பரிசோதனைதான்.

ஆனால் பெரும்பாலான ஆய்வகங்கள் அளப்பது நரம்பு நொதியை அல்ல, ஈரல் சுரந்து இரத்த நீரில் (பிளாஸ்மாவில்) மிதக்கவிடும் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற அதன் பங்காளியை. பங்காளி வீட்டு நிலவரம் நம் வீட்டு நிலவரம் ஆகிவிடுமா? ஆரிய வைசிய சமூகத்தினர் சிலருக்கு ஒரு மரபணு மாற்றத்தால் இந்த நொதி அநேகமாக இல்லை. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் நலமாகவே வாழ்கிறார்கள். அறுவைசிகிச்சையில் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் கொடுத்தால் மட்டும் மூச்சு திரும்ப நெடுநேரமாகும்.

மறுபக்கம் இன்னும் மோசம். ‘இயல்பு’ என்று ஆய்வகங்கள் அச்சிடும் எல்லை லிட்டருக்கு ஏறக்குறைய 5,000 முதல் 12,000 யூனிட் வரை விரிகிறது. 11,500 வைத்திருந்த ஒருவர் 5,750க்கு இறங்கினால் பாதியை இழந்துவிட்டார். அறிக்கை அவரை ‘நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பும். ஈரல் கெட்டவருக்கோ மருந்தே படாமல் எண் குறையும். போதாததற்கு, இரத்தம் எடுத்த சோதனைக் குழாய்க்குள்ளும் நஞ்சு நொதியைத் தாக்கிக்கொண்டே இருக்கும். தொட்டியத்தில் எடுத்த இரத்தம் குளிரூட்டாமல் பஸ்ஸில் திருச்சிக்கு வந்தால், எண் எந்த நேரத்து நிலையைச் சொல்கிறது?

சிவப்பணுவின் சவ்வில் இருப்பதோ நரம்பில் இருக்கும் அதே நொதி. சிவப்பணு புதுப் புரதம் செய்யாததால், இழந்தது நாளுக்கு ஏறக்குறைய 1 சதவீதம்தான் மீளும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சேறும் கூலி ஆட்களுக்கு இந்த மந்தமே உதவி: பழைய பாதிப்பு அழியாமல் பதிந்திருக்கும்.

அவசரப் பிரிவில் இரண்டு அளவீட்டுக்குமே காத்திருக்கக் கூடாது. மோனோகுரோட்டோபாஸ் ஏறிய நொதியில் பாதி சுமார் 4 மணி நேரத்தில் மீட்க முடியாதபடி இறுகிவிடுகிறது. குளோர்பைரிபாஸ் என்றால் 33 மணி நேரம். நொதியை மீட்கும் மருந்தான பிராலிடாக்சிம் கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன்பே கொடுக்க வேண்டும். அதன் பலனே மருத்துவச் சோதனைகளில் உறுதியாகவில்லை என்பது வேறு கதை. முறிமருந்தான அட்ரோபினை எவ்வளவு ஏற்றுவது என்பதை நெஞ்சில் வைத்த ஸ்டெத்தாஸ்கோப்தான் சொல்லும்.

அப்படியானால் இந்தப் பரிசோதனைக்கு உரிய இடம், நஞ்சு படுவதற்கு முன். கலிபோர்னியா 1974 முதலே அப்படித்தான் செய்கிறது. வேலை தொடங்குமுன் ஒவ்வொருவரின் சொந்த அளவும் பதிவாகும்; பிறகு சிவப்பணு நொதி அதில் 70 சதவீதத்துக்கோ பிளாஸ்மா நொதி 60 சதவீதத்துக்கோ இறங்கினால் அந்த வேலையிலிருந்து ஆளை விலக்க வேண்டும். செலவு முதலாளியுடையது. தமிழக அரசு 2022-23இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டது. மருந்து அடிப்பவரின் இரத்தத்தை அளப்பது அந்தப் பேச்சில் இல்லை. இன்று உத்தமர்சீலியிலும் நாளை லால்குடியிலும் டேங்க் சுமப்பவர் எந்த மஸ்டர் ரோலிலும் கிடையாது. அவருடைய முதல் அளவை எடுக்கவேண்டிய முதலாளி யார் என்பதை எந்தச் சட்டம் முடிவு செய்யும்?