வெள்ளை உடையை மறந்து கோடுகளைக் கவனியுங்கள்

எமிலி டிக்கின்சன் என்றதும் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்ற சிற்றூர், அங்கே ஒரு வக்கீல் வீட்டுப் பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நடுவயதில் வெளியே வருவதையே மெல்ல நிறுத்திக்கொண்டார். எப்போதும் வெள்ளை உடை. வீட்டுக்கு ஆள் வந்தால் மாடிக்குப் போய்விடுவார். 1886இல், 55 வயதில் இறந்தார்.

எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தக் கதையைச் சுமந்துகொண்டு கவிதைக்குள் போனால், வரிக்கு வரி ஒரு சோகப் பெண்மணியைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். காதல் தோல்வியா, நோயா, யார் அந்த ஆள் என்று துப்புத் துலக்கியே பலருக்குக் கவிதை கைநழுவிப் போயிருக்கிறது. வாழ்க்கைத் தகவல் வேண்டும் என்றால் வேறு சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்வயதில் 400க்கும் மேற்பட்ட செடிகளை உலர்த்தி, பெயர் எழுதி ஏட்டில் ஒட்டியவர். 1856இல் ஊர்ப் பொருட்காட்சியில் அவர் சுட்ட ரொட்டிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அவருடைய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் இருந்த அண்ணி சூசனுக்கு மட்டும் 250 கவிதைகளுக்கு மேல் அனுப்பினார். வாசலைத் தாண்டாதவர்தான், மனிதர்களைத் துறந்தவர் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, எப்படிப் படிப்பது? முதலில் பாடிப் பாருங்கள். அவருடைய கவிதைகளில் பெரும்பாலானவை ஆங்கிலக் கணக்கில் எட்டு அசை, ஆறு அசை என்று மாறி மாறி வரும் நாலு வரிப் பத்திகள். ஐசக் வாட்ஸ் போன்றோர் எழுதிய தேவாலயப் பாட்டுகளின் அளவு அது. ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டின் மெட்டில் டிக்கின்சனின் பல கவிதைகளை அப்படியே உட்கார்த்திவிடலாம். கோயிலில் பாமாலைப் புத்தகத்தோடு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தாளம் இன்னும் எளிதாகப் பிடிபடும். ஆம்ஹர்ஸ்டில் ஞாயிறுதோறும் ஊரே இந்த அளவில்தான் தன் விசுவாசத்தைப் பாடியது. 1847இல் அவர் சேர்ந்த மவுண்ட் ஹோலியோக் பள்ளியில் மாணவிகளை மீட்பின் நம்பிக்கை உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று வகை பிரித்தார்கள். அவர் கடைசிவரை இல்லாதவர்கள் பக்கமே நின்றார். சபையிலும் உறுப்பினராகச் சேரவில்லை. அப்படிப்பட்டவர் சந்தேகத்தைச் சொல்ல அதே துதிப்பாட்டின் அளவைக் கையில் எடுத்ததில் கொஞ்சம் குறும்பும் இருக்கிறது.

பாடிக்கொண்டே போகையில் மெட்டு இடறும். பார்த்தால் ஒரு சிறு கோடு குறுக்கே கிடக்கும். வரி நடுவில், வரி முடிவில், சில சமயம் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால். இந்தக் கோடுகளில்தான் புதிதாகப் படிப்பவர்கள் எரிச்சலடைகிறார்கள். காற்புள்ளியாக எண்ணித் தாண்டிவிடாமல் அங்கே நில்லுங்கள். எவ்வளவு நேரம் என்பதை அவர் உங்களிடமே விட்டுவிட்டார். நிறுத்தக்குறி அவருக்குச் சின்ன விஷயமில்லை. புல்லில் நெளியும் பாம்பைப் பற்றிய கவிதையை 1866இல் ‘ஸ்பிரிங்ஃபீல்ட் ரிபப்ளிகன்’ பத்திரிகை பெயரில்லாமல் வெளியிட்டபோது, மூன்றாம் வரியின் முடிவில் ஒரு குறியைச் சேர்த்துவிட்டது. மூன்றாம் வரியும் நான்காம் வரியும் ஒன்றாக ஓட வேண்டியவை என்று எழுத்தாளர் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சனுக்குக் கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார்.

அடுத்தது இயைபு. நம் காது எதுகை, மோனைக்குப் பழகியது. வரியின் தொடக்கத்தில் காத்திருக்கும். இங்கே காதை வரியின் கடைசிக்கு நகர்த்த வேண்டும். சாகும் தருவாயில் ஓர் ஈ ரீங்கரிப்பதைக் கேட்கும் கவிதையை எடுத்துக்கொள்வோம். அவரை ஒரே ஒரு கவிதையில் பார்க்க நினைப்பவருக்கு நான் இதைத்தான் கொடுப்பேன். அந்தக் கால நியூ இங்கிலாந்து வீடுகளில் மரணப் படுக்கையைச் சுற்றி உறவினர் உட்கார்ந்திருப்பார்கள். போகிற உயிரின் முகத்தில் மோட்சத்தின் அடையாளம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். கவிதையிலும் அதே காட்சி. அழுது தீர்ந்த கண்கள், எழுதி முடித்த உயில், வரப்போகும் அரசருக்கான காத்திருப்பு. வருவதோ ஈ. அதுவும் வெளிச்சத்துக்கும் கண்ணுக்கும் நடுவில்.

இதில் ஒலியைக் கவனியுங்கள். முதல் பத்தியில் ‘ரூம்’ என்பதற்கு ஜோடி ‘ஸ்டார்ம்’. மூன்றாவதில் ‘பீ’ என்பதற்கு ‘ஃப்ளை’. எல்லாம் அரைகுறைப் பொருத்தம். கடைசிப் பத்தியில், பார்வை அணையும் இடத்தில் மட்டும் ‘மீ’, ‘ஸீ’ என்று முழுசாகப் பொருந்துகிறது. அதற்குப் பிறகும் முற்றுப்புள்ளி கிடையாது, ஒரு கோடுதான்.

1896இல் அச்சிட்டவர்களுக்கு இது பிழையாகத் தெரிந்தது. ‘ரூம்’ போய், ‘ஸ்டார்ம்’ என்பதோடு இயையும் ‘ஃபார்ம்’ வந்தது. ‘சாவது’ என்ற பொருளில் ஒரு தலைப்பும் சூட்டினார்கள். அவர் தன் கவிதைகளுக்குத் தலைப்பு வைத்ததே அபூர்வம். உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தவை பத்தோ என்னவோ. தங்கை லவினியா பிறகு கண்டெடுத்த தாள்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,800. 1890இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தவர்கள் ஹிக்கின்சனும் மேபல் லூமிஸ் டாட் என்ற பெண்மணியும். மேபல் எமிலியை நேருக்கு நேர் பார்த்ததேயில்லை. போதாக்குறைக்கு அண்ணன் ஆஸ்டினின் காதலி. பின்னால் ஒரு துண்டு நிலத்துக்காக லவினியா அவர்மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார்; கோபத்தில் மேபல் தன்னிடமிருந்த கையெழுத்துப் படிகளைப் பெட்டியில் பூட்டிவிட்டார். இன்று அவை ஹார்வர்டிலும் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியிலுமாகப் பிரிந்து கிடப்பதன் வேர் இந்தக் குடும்பச் சண்டை.

கொஞ்சம் பழகியபின் அந்தக் கையெழுத்துப் படிகளுக்குப் போங்கள். தாள்களை மடித்து, ஊசி நூலால் தைத்து, அவரே 40 சிறு ஏடுகள் செய்திருந்தார். பல கவிதைகளில் ஏதோ ஒரு சொல்லின் தலையில் சிறு கூட்டல் குறி தெரியும். பக்கத்தின் அடியில் அதே குறியோடு வேறு சொற்கள் இருக்கும். சில சமயம் இரண்டு, மூன்று. எது இறுதி என்று அவர் அடித்துத் திருத்தவில்லை. ஒவ்வொரு சொல்லையும் அந்த இடத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். ஒன்றில் கவிதை கறுக்கும், இன்னொன்றில் கேலியாகும். என் கணிப்பில், அவரை ரசிக்க இதைவிடப் பெரிய வாசல் இல்லை. பிற்காலத்தில் பிரித்த கடித உறைகளிலும் எழுதினார். அங்கே காகிதத்தின் வடிவத்துக்கு ஏற்ப வரிகள் குறுகிப்போகும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மலிவாகவும் இலவசமாகவும் கிடைக்கும் பதிப்புகளில் பல, 1890களில் இழைத்துச் சீராக்கியவற்றின் மறு அச்சு. தலைப்புகள் நிறைய இருந்து கோடுகள் குறைவாக இருந்தால் அதை வைத்துவிடுங்கள். தாமஸ் ஜான்சன் 1955இல் கோடுகளோடு மீட்டுக் கொடுத்த பதிப்பு, ஃபிராங்க்ளினின் 1998 பதிப்பு, கிறிஸ்டன் மில்லரின் 2016 பதிப்பு மூன்றுமே நம்பகமானவை. மாற்றுச் சொற்களைப் பக்க ஓரத்தில் தருவதால் மில்லரின் பதிப்பை நான் முன்னால் வைப்பேன். கையெழுத்துப் படிகளை ‘எமிலி டிக்கின்சன் ஆர்க்கைவ்’ தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கையெழுத்து லேசில் புரியாது. அச்சுப் புத்தகம் பக்கத்தில் இருக்கட்டும்.