'தாலந்து' என்னும் சொல்லும் நமது பிரசங்கங்களும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்துள்ள சபையொன்றிற்கு அண்மையில் அருளுரையாற்றச் சென்றிருந்தோம். ஆலய வாசலிலிருந்த அறிவிப்புப் பலகையில் 'வாலிபர் தாலந்துப் போட்டி' என்ற தலைப்பின்கீழ்ப் பாட்டு, பேச்சு, கீபோர்டு வாசிப்பு, வேதாகம வினாடி வினா என்று எழுதப்பட்டிருந்தது. ஆராதனைக்குப்பின், இரும்புக் கம்பி ரோலிங் மில் ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளராயிருக்கும் வாலிபர் ஒருவரிடம், "தம்பி, நீங்கள் எதில் பங்கெடுக்கிறீர்கள்?" என்று வினவினோம். "எனக்குத் தாலந்து ஒன்றும் கிடையாது ஐயா. ஒன்று இருந்தால்தானே புதைத்து வைக்கவாவது முடியும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனினும் அச்சொல் ரயிலில் திரும்பும் வழியெல்லாம் நம்மை விட்டகலவில்லை.

பிறவியிலேயே ஒருவருக்கு அமைந்த திறமையே தாலந்து என்று நம் சபையாரில் பெரும்பாலோர் கருதுகின்றனர். இப்பொருள் திருமறையிலிருந்து நேராக வந்ததன்று. ஆங்கிலத்தின் வழியாக வந்தது. கிரேக்கத்தில் 'தலன்டோன்' என்பது முதலில் தராசையும், பின்னர் நிறையையும், அதன்பின் அந்நிறையுள்ள வெள்ளியையும் குறித்தது. இடைக்கால ஐரோப்பிய மொழிகளில் அது மனச்சாய்வு, விருப்பம் என்னும் பொருளைப் பெற்றது. மத்தேயு 25ஆம் அதிகாரத்து உவமையைப் பற்றிய பிரசங்கங்களின் செல்வாக்கால், 15ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் 'டேலன்ட்' என்பது உள்ளார்ந்த ஆற்றலைக் குறிக்கலாயிற்று. இத்தகைய விளக்கத்தின் வேர் இன்னும் பழையது. 590 முதல் 604 வரை ரோமாபுரியின் ஆயராயிருந்த மகா கிரகோரியார் ஐந்து தாலந்தை ஐம்புலன்களாகவும், இரண்டை அறிவும் செயலுமாகவும், ஒன்றை அறிவு மட்டுமாகவும் உருவகப்படுத்தினார். இன்று அவ்வுருவகத்தை ஏற்பவர் அரியர். ஆயினும் அது விட்டுச்சென்ற பொருளே நம் போட்டி மேடைகளில் நின்று பாடுகிறது.

தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் குறைகூற இடமில்லை. ஹென்றி பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பெற்று 1871இல் வெளிவந்த திருப்புதலும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியமும் இச்சொல்லை அயற்சொல்லாகவே வைத்துக்கொண்டன. அயற்சொல்லாய் நின்றவரை அது ஒரு நிறையின் பெயர் மட்டுமே. குத்துவிளக்குக்கும் அதன் பணிமுட்டுகளுக்கும் ஒரு தாலந்து பசும்பொன் (யாத். 25:39) என்னும்போதோ, வானத்திலிருந்து விழுந்த கல்மழை தாலந்து நிறையுடையது (வெளி. 16:21) என்னும்போதோ நம்மில் எவரும் பாட்டுத் திறமையை நினைப்பதில்லை. பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனை (மத். 18:24) எந்தப் பிரசங்கியாரும் பன்முகத் திறமையாளன் என்று புகழ்ந்ததில்லை. மத்தேயு 25க்கு வந்தவுடன் மட்டும் சொல் பொருள் மாறுவானேன்?

அவ்வதிகாரத்தின் 15ஆம் வசனமே இதற்குத் தக்க மறுப்பு. எஜமான் அவனவனுடைய திறமைக்குத் தக்கதாகத் தாலந்துகளைப் பகிர்ந்தளித்தான் என்கிறது அது. திறமையைக் குறிக்கக் கிரேக்க மூலத்தில் 'டுனாமிஸ்' என்னும் வேறு சொல் நிற்கிறது. திறமையே தாலந்தாயின், அவனவன் திறமைக்குத் தக்கபடி திறமை கொடுக்கப்பட்டது என்று பொருள்படும். அது வெறும் கூறியது கூறல். உவமையின்படி திறமை மூவரிடத்தும் முன்னரே உள்ளது. திறமையற்ற ஊழியக்காரன் என்று ஒருவன் அக்கதையில் இல்லவே இல்லை. தாலந்தோ வெளியிலிருந்து கையில் வைக்கப்படுவது, பிறனுடையது, கணக்குக் கேட்கப்படுவது.

அதன் அளவையும் நோக்குவோம். ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் வெள்ளிப்பணம். ஒரு பணம் ஒரு கூலியாளின் நாட்கூலி (மத். 20:2). ஆண்டுக்கு முந்நூறு வேலை நாள் எனக் கொண்டால், ஒரு தாலந்து இருபது ஆண்டுக் கூலி. ஒற்றைத் தாலந்துக்காரனை ஏழையாகச் சித்திரித்து நாம் செய்த பிரசங்கங்கள்தாம் எத்தனை! இருபது ஆண்டுக் கூலியை ஒருசேரக் கையில் பெற்ற தொழிலாளி ஒருவரையாவது அந்தத் தொழிற்பேட்டையில் காண்பது அரிது.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ளிவிடலாகாது. நம் நாட்டில் 'பிறவியிலேயே' என்னும் சொல் ஒருபோதும் தனியாக வருவதில்லை. குலத்தையும் கைப்பிடித்து அழைத்துவருகிறது. 1953இல் சென்னை மாநிலத்தில் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் 'குலக்கல்வி' என்று எதிர்க்கப்பட்டு அடுத்த ஆண்டே கைவிடப்பட்டதை வாசகர் அறிவர். திருவள்ளூர் மாவட்டத்திலும் இருளர் மக்கள் வாழ்கின்றனர். பாம்பு பிடிப்பது அவர்களுக்கு இரத்தத்திலேயே ஊறியது என்று வியப்பது வழக்கம். வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறி மருந்துக்கு நஞ்சு சேகரித்துக் கொடுத்து வருகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். இவ்வறிவு இரத்தத்தில் வந்ததன்று. மூத்தோர் பின்னே வரப்போரம் நடந்து, தடம் பார்த்து, வளை பார்த்துக் கற்றது. 'பிறவித் திறமை' என்னும் புகழ்ச்சி அக்கல்வியை மறைத்துவிடுகிறது. அம்மட்டன்று, இதே மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாயிருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களைப் பார்த்து, 'அவர்கள் பிறந்தது அதற்குத்தான்' என்று சொல்லவும் அதே நாவுக்குக் கூசுவதில்லை.

யாத்திராகமம் இதனினும் நன்றாய்ப் பேசுகிறது. பொன், வெள்ளி, வெண்கல வேலையில் வல்லவனாகிய பெசலெயேலைத் தேவ ஆவி நிரப்பியதென்று கூறும் அதே இடத்தில், பிறருக்குக் கற்பிக்கும் மனமும் அவனுக்கு அருளப்பட்டதென்கிறது (35:31–34). அருளப்பட்ட திறனும் கற்பிக்கத்தக்கதே.

மூன்றாம் ஊழியக்காரனைப் பற்றி வில்லியம் ஹெர்ஸாக் 1994இல் வெளியிட்ட ஆய்வுநூல் வேறொரு கேள்வியை எழுப்பிற்று. விதையாத இடத்தில் அறுக்கிற எஜமான் கடவுளாவது எங்ஙனம்? அவனுடைய சுரண்டலை வெளிப்படையாய்ச் சொல்லத் துணிந்தவனே அவ்வூழியக்காரன் என்பது அவர் விளக்கம். இதனை நாம் முழுமையாக ஏற்கவில்லை. பத்துக் கன்னிகைகளுக்கும் இறுதி நியாயத்தீர்ப்புக்கும் நடுவே உவமையை வைத்த மத்தேயு, விழித்திருந்து பணிசெய்தலையே கருதினார் என்பது தெளிவு. எனினும் ஒப்பந்தக்காரரின்கீழ் உழைப்பவர் நடுவில் இவ்வுவமையைப் பிரசங்கிப்போர் அக்கேள்வியைக் கேளாததுபோல் கடந்துசெல்ல இயலாது.

சில சபைகளில் பெண்கள் ஐக்கியத்தார் உறுப்பினருக்குச் சிறுதொகை கொடுத்து, அதைப் பெருக்கித் திரும்பக் கொண்டுவரச் சொல்கின்றனர். முறுக்கு சுட்டும் துணி தைத்தும் பெருக்கிக் கொண்டுவருகிறார்கள். இதற்கும் 'தாலந்து' என்றே பெயர். இறையியல் கல்லூரியை எட்டிப்பாராத அச்சகோதரிகள் மத்தேயுவுக்கு நம்மைவிட அருகில் நிற்கிறார்கள்!

போட்டிகள் நடக்கட்டும், 'கலைத்திறன் போட்டி' என்று பெயரிட்டால் எவருக்கும் நட்டமில்லை. கூலி அறிவிக்கைகள் ஏற்கெனவே தொழிலாளரைத் திறன் பெற்றோர், திறனற்றோர் எனப் பிரித்துவைத்துள்ளன. அந்த இரண்டாம் பட்டியலை வேதவசனத்தைக்கொண்டு உறுதிப்படுத்தும் வேலை போதகர்களுக்கு வேண்டாம்.

அந்த வாலிபரிடம் மில்லில் அவருடைய வேலை என்னவென்று விசாரித்தோம். சிவக்கக் காய்ந்து பாய்ந்துவரும் கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்புவது என்றார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் புதிதாக வருகிற பையன்களுக்கு எங்கே நிற்பது, எப்போது விலகுவது என்று காட்டிக்கொடுப்பதும் அவர்தானாம். மொழி தெரியாததால் முதல் வாரம் முழுவதும் சைகையிலேயே சொல்லிக்கொடுக்கிறாராம். அவர் பக்கத்தில் பழகியவர்களில் ஒருவருக்கும் இதுவரை கை வெந்ததில்லை என்றார்.