மைசூரில் ஐந்து நாள்: ஒத்திகையும் தேர்வும்

விமானப் படையில் அதிகாரியாகச் சேர ஏஎஃப்கேட் எழுதித் தேறியவர்கள் அடுத்து போகும் இடங்களில் ஒன்று மைசூரு சித்தார்த்த நகர். இரண்டாவது விமானப் படைத் தேர்வு வாரியம் அங்கேதான் இருக்கிறது. பேச்சுவழக்கில் இன்டர்வியூ என்றாலும் நடப்பது ஐந்து நாள் சோதனை. முதல் நாளே ஒரு பகுதியினரை ஸ்கிரீன் அவுட் செய்து அனுப்பிவிடுவார்கள். மிஞ்சியவர்களுக்கு உளவியல் தேர்வு, மைதானத்தில் குழுப் பணிகள், நேர்காணல், கடைசியில் கான்ஃபரன்ஸ்.

இதற்கு ஒத்திகை நடத்தும் அகாடமிகள் நிறைய. ஓய்வுபெற்ற அதிகாரிகளே சிலவற்றை நடத்துகிறார்கள். ஒத்திகை பயன்படுமா என்றால், பாதி பயன்படும். எந்தப் பாதி என்பதில்தான் அகாடமிகளோடு எனக்குப் பிணக்கு.

சொல் தொடர்புச் சோதனையில் திரையில் ஒரு சொல் வரும். 15 விநாடிக்குள் மனதில் பட்டதை வாக்கியமாக எழுத வேண்டும். இப்படி 60 சொற்கள், மூச்சுவிட நேரமில்லாமல். அமராவதிநகர் சைனிக் பள்ளிப் பையனுக்கு இந்த வேகம் புதிதாக இருக்காது. தமிழ் வழியில் படித்த பெண்ணோ சொல்லைப் படித்து, தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் எழுதி முடிப்பதற்குள் அடுத்த சொல் வந்து நிற்கும். அவளிடம் துணிவும் பொறுப்பும் குறைவில்லை, கைதான் ஓடவில்லை. கடிகாரத்தை வைத்துச் சில நாள் எழுதிப் பார்த்தால் ஓடிவிடும். நேர்காணலும் அப்படித்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண், பிடித்த ஆசிரியர், நண்பர்கள், பொழுதுபோக்கு என்று பத்துப் பன்னிரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் அடுக்கிவிட்டு, வரிசையாகப் பதில் சொல்லச் சொல்வார்கள். முதல்முறை கேட்பவர் நாலாவது கேள்வியிலேயே தொலைந்துபோவார். பணமும் பின்புலமும் உள்ளவர்களுக்கு வீட்டிலேயே கிடைக்கும் பழக்கத்தை மற்றவர்களுக்கும் தருகிற அளவில் ஒத்திகை நியாயமானது.

கெடுதல், பயிற்சியாளர் பதிலையும் சேர்த்துக் கொடுக்கும்போது தொடங்குகிறது. ‘தோல்வி’ என்ற சொல் வந்தால் ‘தோல்வியே வெற்றியின் முதல் படி’ என்று எழுதப் பழக்குகிறார்கள். உளவியலாளர் அதே வாக்கியத்தை அன்று எத்தனை தாள்களில் படித்திருப்பார்!

குழு விவாதத்தில் நிலைமை இன்னும் மோசம். தலைவர் இல்லாத குழு என்ற உத்தி 1942இல் பிரிட்டிஷ் இராணுவத் தேர்வு வாரியங்களில் உருவானது. மனநல மருத்துவர் வில்ஃப்ரெட் பியோனுக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. மறு ஆண்டே அந்த முறை இந்தியாவுக்கும் வந்துவிட்டது. யாருக்கும் பொறுப்புக் கொடுக்காமல் விட்டால், தன் வெற்றிக்கும் குழுவின் வேலைக்கும் நடுவே ஒருவர் எதைப் பார்க்கிறார் என்பது தெரியவரும். அதுதான் உத்தியின் உயிர். இன்றைக்கோ குழுவில் உள்ள அத்தனை பேரும் ‘தலைமை தாங்க’ப் பயிற்சி பெற்று வருகிறார்கள். ‘நாம் ஒரு பொது முடிவுக்கு வருவோம்’ என்று ஐந்து பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். விண்ணப்பதாரர்களே இதற்கு மீன் மார்க்கெட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேச வாய்ப்புக் கிடைக்காத பக்கத்து நாற்காலிக்காரரைப் பேச வைப்பவர் அங்கே அபூர்வம்.

மனப்பாடம் வேறொரு இடத்திலும் காலை வாரும். மனம், வாக்கு, செயல் மூன்றையும் மூன்று பேர் தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். கான்ஃபரன்ஸில்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். உளவியல் தேர்வில் எழுதிய கதையில் வெள்ளத்தில் குதித்து ஊரைக் காப்பாற்றிய வீரர், மைதானத்தில் மரக்கட்டையைத் தூக்க அடுத்தவர் வரட்டும் என்று நின்றால், அந்தக் கதை அவருக்கு எதிரான சாட்சி.

ஆனால் குற்றம் அகாடமிகளுடையது மட்டுமல்ல. அச்சு மாறாமல் பல்லாண்டுகளாக நடக்கும் தேர்வுக்கு நோட்ஸ் முளைக்காமல் இருக்குமா? விமானிக்கான கணினித் தேர்வை மட்டும் வாழ்நாளில் ஒரே முறை எழுத முடியும். மற்றச் சோதனைகளுக்கு வயது இடங்கொடுக்கும்வரை திரும்பத் திரும்ப வரலாம். வந்து தோற்றவரிடம் ஏன் தோற்றார் என்று வாரியம் சொல்வதில்லை. தேர்வானவர்களின் செஸ்ட் நம்பரைப் படிப்பதோடு சரி. அந்த மௌனத்தை விளக்கிச் சொல்வதாகத்தான் அகாடமி கட்டணம் வாங்குகிறது, அதன் விளக்கமும் ஊகமே என்றாலும்.

தோற்றவருக்கு இரண்டு வரியாவது காரணம் எழுதிக் கொடுத்தால் இந்தக் கடைகளில் பாதி மூடப்படும் என்று நினைக்கிறேன். மீதிக் கடைகள் அந்த இரண்டு வரிகளைத் தொகுத்துப் புதிய பாடத்திட்டம் போட்டுவிடும் என்ற பயமும் இருக்கிறது.