உறையும் உள்ளுறையும்: இசைத்தொகுதிகளும் வடிவமைப்புத் தொழிலும் – ஒரு நோக்கு

தமக்குப் பிடித்த இசைத்தொகுதிகளே தமது தொழிலுக்கு ஊற்றுக்கண்ணாக அமைந்தன என்று கூறும் வடிவமைப்பாளர் பலர் உளர். சுவரொட்டி, நூல் அட்டை, வணிகச் சின்னம் முதலியவற்றை ஆக்கி ஊதியம் பெறும் இவர்கள், தம் பணிமனைச் சுவர்களிலே பழைய இசைத்தட்டு உறைகளைச் சட்டமிட்டுத் தொங்கவிடுவதும் உண்டு. இக்கூற்றினை எதிர்கொள்வோர் பொதுவாக இரு நிலைகளுள் ஒன்றை மேற்கொள்வர். கலை வேறு கடை வேறு என்று கருதுவோர், விற்பனைக்கான பணியில் அகத்தூண்டுதலுக்கு இடமேது என வினவுவர். கலையை உள்ளத்தின் தன்னிச்சையான பொங்குதலாகக் காண்போரோ, பிடித்ததைக் கேட்டான், பிறந்தது கலை என அமைதியடைவர். இவ்விரு நிலைகளும் பொருந்தா என்பதே இக்கட்டுரையின் வாதமாகும். இலக்கியம் கற்றுப் பட்டம் பெற்றபின் பிழைப்புக்காக வடிவமைப்புத் தொழிலை நாடும் ஒருவருக்கு இது வெறும் கோட்பாட்டு வினா அன்று. கற்றதை வாயிலில் விட்டுவிட்டுத்தான் அத்தொழிலினுட் புக வேண்டுமா என்ற வினாவும் இதனுள் அடங்கியுள்ளது.

முதலில் வரலாற்றை நோக்குவோம். ‘அல்பம்’ என்ற சொல் இசைக்கு வந்தமைக்குக் காரணம், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுக்கள் பலவற்றை நிழற்பட ஏடு போன்ற கட்டொன்றினுள் வைத்து விற்றமையே. அக்கட்டுக்கள் பெரும்பாலும் அலங்காரமற்ற தாள் அட்டையால் ஆனவை. கொலம்பியா நிறுவனத்தின் கலை இயக்குநராக அமர்ந்த அலெக்ஸ் ஸ்ரைன்வைஸ் என்ற இளைஞர், 1940 இல், உறையில் ஓவியமும் எழுத்தும் சேர்ந்த முகமொன்றை அமைக்கும் வழக்கத்தைத் தொடக்கி வைத்தார். அவர் புதிய உறை அமைத்த பின்னர் பேத்தோவனின் ‘ஈரோய்க்கா’ சிம்பொனித் தொகுதியின் விற்பனை 895 சதவீதம் உயர்ந்ததாக ‘நியூஸ்வீக்’ சஞ்சிகை எழுதியது. ஆகவே உறை என்ற கலைவடிவம் கடையின் தேவையிலிருந்தே பிறந்தது. பிறப்பிடத்தை மறைப்பதால் அதற்கு மேன்மை வந்துவிடாது. பிறப்பிடம் கடை என்பதால் அது கலையாகாதென்றும் ஆகிவிடாது.

அவ்வாறாயின் சிறந்த உறையைச் சாதாரண உறையிலிருந்து வேறுபடுத்துவது யாது? இதற்குத் தமிழ்ச் செய்யுளியலே தக்க அளவுகோலொன்றைத் தருகின்றது. தொல்காப்பியர் உவமத்தை உள்ளுறை உவமம், ஏனை உவமம் எனப் பகுப்பர். ஏனை உவமம் இதனைப் போல அது என வெளிப்படையாக நிற்பது. உள்ளுறையோ, சொல்லப்பட்ட காட்சியினூடாகச் சொல்லப்படாத பொருளை உணரவைப்பது. மருதநிலத்து எருமை பொய்கையைக் கலக்கித் தாமரையை மேய்ந்ததென்று மாத்திரமே பாட்டு கூறும். தலைவனின் பரத்தமை ஒழுக்கத்தைக் கேட்போர் உணர்ந்துகொள்வர். உள்ளுறை அந்தந்த நிலத்தின் கருப்பொருள்களைக் களனாகக் கொண்டு எழுவது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. புலவன் தான் விரும்பிய பொருளை எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டுவதில்லை. பாட்டின் உலகினுள் ஏற்கெனவே உள்ளதையே எடுத்தாள்கிறான்.

இந்த அளவுகோலைக் கொண்டு ‘புளூ நோட்’ நிறுவனத்தின் உறைகளை நோக்கலாம். பேர்லினிலிருந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த அல்பிரட் லயன் 1939 இல் தொடக்கிய ஜாஸ் இசை நிறுவனம் அது. அவருடைய நண்பர் பிரான்சிஸ் வுல்வ் ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த நிழற்படங்களைக் கொண்டு, 1950 களின் நடுப்பகுதி முதல் 1967 வரை ஏறத்தாழ 500 உறைகளை அமைத்தவர் றீட் மைல்ஸ். உறை ஒன்றுக்கு அவர் பெற்ற ஊதியம் ஏறத்தாழ 50 டொலர் என்பர். பெரும்பாலான உறைகளுக்குக் கறுப்பு வெள்ளைப் படமும் இன்னொரு நிறமுமே முதலாக அமைந்தன. ஜாக்கி மக்லீனின் ‘இட்ஸ் ரைம்’ என்ற தொகுதியின் உறையை எடுத்துக்கொள்வோம். காலம் வந்துவிட்டது என்னும் பொருள்தரும் அத்தலைப்பின் ஈற்றிலுள்ள வியப்புக்குறியே வரிசை வரிசையாக உறையை நிரப்பி நிற்கின்றது. இசைஞரின் முகம் ஒரு மூலையில் ஒடுங்கியுள்ளது. தாளத்தின் அடிகளையும் காலத்தின் அவசரத்தையும் அச்சுக்குறி ஒன்றே உணர்த்திவிடுகின்றது.

இவற்றை ஆக்கிய மைல்ஸ் ஜாஸ் இசையில் நாட்டமுடையவர் அல்லர். அவர் விரும்பிக் கேட்டது மேலைச் செவ்வியல் இசையே. ஒவ்வொரு தொகுதியின் இயல்பையும் உணர்வையும் லயன் அவருக்கு எடுத்துரைப்பார். அதனைக் கொண்டே அவர் வடிவம் காண்பார். பிடித்த இசையே படைப்பின் ஊற்று என்ற கூற்று இவ்விடத்தில் ஆட்டங்காண்கிறது. இசையை நேசித்த ஒருவர், அதனைப் படம்பிடித்த ஒருவர், அதற்கு உருவமைத்த ஒருவர் என மூவரிடையே நிலவிய தொழில் உறவிலேதான் ஊக்கம் பிறந்தது. ஊக்கம் என்பது தனிமனிதனின் நெஞ்சினுள் மட்டும் நிகழும் ஒன்று என்ற எண்ணத்தை இவ்வரலாறு மறுக்கின்றது.

விருப்பும் நட்பும் நிறைந்த சூழலிலிருந்து எழுந்த உறையொன்றையும் இதனுடன் ஒப்பிடுதல் நன்று. ஸ்ரோம் தோர்கர்சனும் ஓப்ரி பவலும் லண்டனில் 1968 இல் அமைத்த ‘ஹிப்னோசிஸ்’ என்ற வடிவமைப்புக் குழுவின் முதற்பணி, நண்பர்களாகிய ‘பிங்க் புளொயிட்’ இசைக்குழுவினரின் தொகுதிக்கு உறை அமைத்தமையாகும். குழப்பமூட்டும் நிழற்படக் காட்சிகளே அவர்களின் தனிமுத்திரை. ஆனால் 1973 இல் வெளிவந்த ‘த டார்க் சைட் ஒவ் த மூன்’ தொகுதிக்கு எளிமையும் செறிவும் கொண்ட உறையே வேண்டுமென இசைக்குழுவின் றிச்சட் றைற் கேட்டுக்கொண்டார். தம் முத்திரையை ஒருபுறம் வைத்துவிட்டு அவர்கள் கொணர்ந்தது கரிய தளத்தில் ஓர் அரியமும், அதனூடு புகுந்து நிறங்களாகப் பிரியும் ஒளிக்கதிருமாகும். அதனை வரைந்தவர் ஜோர்ஜ் ஹார்டி. முன்புறத்தில் இசைக்குழுவின் பெயர்கூட இல்லை.

இவ்வுறை இசையின் எந்தவொரு வரியையும் படமாக்கவில்லை. அக்குழுவின் அரங்க நிகழ்ச்சிகள் ஒளிவித்தைகளுக்குப் பெயர்பெற்றவை. முக்கோணமோ, பாடல்களில் இழையோடும் பேராசைக்கும் பித்துக்கும் குறியீடாக எண்ணப்பட்டது. ஒளியும் முக்கோணமும் அவ்விசையுலகின் கருப்பொருள்களே. உறையை விரித்தால் நிறக்கோடுகளுள் ஒன்று இதயத்துடிப்பின் வரைபாக எழுந்து வீழ்கின்றது. தொகுதி இதயத்துடிப்பில் தொடங்கி அதிலேயே முடிகின்றது. இது ரோஜர் வோட்டர்ஸின் எண்ணம். பின்புறத்தில் இன்னோர் அரியம் நிறங்களை மீண்டும் ஒன்றுகூட்டுவதால், கடையில் உறைகளை அருகருகே விரித்து வைத்தால் ஒளிக்கோடு முடிவின்றித் தொடரும். கடைக்காரரின் காட்சித் தேவையும் தொகுதியின் சுழலும் அமைப்பும் ஒரே கோட்டில் இணைகின்றன. இத்தொகுதி 1973 முதல் 1988 வரை அமெரிக்காவின் ‘பில்போர்ட்’ பட்டியலில் 741 வாரங்கள் இடம்பெற்றது. அதற்கு இசையே முதற்காரணம். எனினும் அவ்விசையை நினைப்போரின் மனக்கண்ணில் முதலில் எழுவது அந்த அரியமே.

இங்கு ஓர் எதிர்வாதம் எழக்கூடும். உறை எவ்வளவு நுட்பமாயினும் அது சரக்கின் ஆடைதானே, முதலாளியின் இலாபத்துக்கு அழகு சேர்ப்பதன்றி அது செய்வது யாது என மார்க்சிய நோக்குடையோர் வினவலாம். வினா நியாயமானது. அதற்கு ஓரளவு விடை தருவது அதே குழுவினர் 1975 இல் ஆக்கிய ‘விஷ் யூ வேர் ஹியர்’ உறையாகும். இசைவணிகத்தின் போலி நேசத்தையும், உடனில்லாமையின் துயரையும் பேசும் தொகுதி அது. உறையில் வணிகர் போன்ற இருவர் கைகுலுக்குகின்றனர். அவர்களுள் ஒருவர் தீப்பற்றி எரிகின்றார். அப்படத்தையும் கரிய மெல்லிய பிளாஸ்ரிக் உறையால் மூடி, காணாமையையே முதற்காட்சியாக்கி விற்றனர். சரக்கின் ஆடையே சரக்குறவைக் குறைகூறும் நிலை இது. இதனாற் சந்தை வீழ்ந்துவிடவில்லை என்பது மெய்யே; தொகுதி பெருமளவில் விற்பனையாகியது. ஆயினும் ஊதியத்துக்குச் செய்யும் பணியினுள்ளேயே ஊதிய உலகை விசாரணை செய்ய இடமுண்டு என்பதற்கு இது சான்று.

ஹிப்னோசிஸ் குழுவினர் நிலையான கட்டணம் வைக்காது, பணியின் பெறுமதி எனத் தோன்றுவதைத் தருமாறு இசைஞர்களிடம் கேட்டனர். சிலவேளை இது அவர்களுக்கே பாதகமாயிற்று. நட்பை நம்பிய தொழில் முறையின் வலிமையும் வலுவீனமும் இதில் ஒருங்கே புலனாகின்றன. 1980 களின் தொடக்கத்தில் இசைக் காணொளியும் 12 சென்ரிமீற்றர் விட்டமுடைய இறுவட்டும் வந்து சேர்ந்தன. 1983 அளவில் குழுவும் கலைந்தது. தொழில்நுட்பம் மாறும்போது அதனைச் சார்ந்த கலைவடிவமும் மாறும் என்ற பொதுவிதிக்கு இதுவும் விலக்கன்று.

இன்று உறை கைப்பேசித் திரையில் விரல்நுனி அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதேவேளை பழைய உறைகள் இசையினின்றும் பிரிந்து உலவுகின்றன. ‘ஜோய் டிவிஷன்’ குழுவின் 1979 ஆம் ஆண்டுத் தொகுதிக்குப் பீற்றர் சவில் அமைத்த உறையிலுள்ள வெண்கோட்டு அலைகள், துடிப்பு விண்மீன் ஒன்றின் வானொலிச் சைகைகளைக் காட்டும் வரைபாகும். அதனை மேற்சட்டையில் அணிவோர் பலர், அவ்விண்மீனையும் அறியார், அவ்விசையையும் கேளார். நிலத்தை அறியாதவருக்கு எருமையும் தாமரையும் வெறும் காட்சியாகவே எஞ்சுவது போல, உள்ளுறை கழன்றபின் உறை வெறும் அலங்காரமாகின்றது. பிடித்த தொகுதியின் கோட்டையும் நிறத்தையும் எடுத்துப் பிறிதொரு வணிகரின் சின்னத்தில் ஒட்டுவதையே ஊக்கம் என்று கூறும் பணிமனைகள் செய்வதும் இதுவே.

ஆகவே, பிடித்த இசைத்தொகுதியை முதலாகக் கொண்டு வடிவமைப்புத் தொழிலில் இறங்குவோர் அத்தொகுதியிடமிருந்து பெறவேண்டியது உருவத்தை அன்று, அவ்வுருவத்தைக் கண்டடைந்த முறையையே. எடுத்துக்கொண்ட பொருளின் கருப்பொருள் யாது, அதனை அறிந்து எடுத்துரைக்க வல்லவர் யார், சொல்லாது விடவேண்டியது எது என்ற வினாக்களை அம்முறை எழுப்பும். நூலுக்கு அட்டை அமைப்பவரும் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுபவரும் இவ்வினாக்களைக் கேட்கலாம். அகப்பாடலொன்றைப் படிக்கும் மாணவன் விரிவுரை மண்டபத்தில் கேட்கும் வினாக்களும் ஏறத்தாழ இவையே. ஆதலின் கற்றதை வாயிலில் விட்டுவிட்டு அத்தொழிலினுட் புகவேண்டிய தேவை அவனுக்கில்லை.