எண்ணளவும் காட்சித் திரிபும்: முதனி – குழந்தை ஒப்பீட்டின் தருக்கம் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

அளவறிதலிலும் காட்சித் திரிபுகளிலும் மனிதரல்லாத முதனிகளையும் மனிதக் குழந்தைகளையும் ஒப்பிடும் ஆய்வுகள் ஒப்பீட்டு உளவியலில் தனித்துறையாகவே வளர்ந்துள்ளன. இருசாரார் பெறும் மதிப்பெண்கள் ஒத்திருக்கும்போது, அவற்றை ஈனும் உள்ளச் செயல்முறையும் ஒன்றே என்று கொள்ளும் போக்கு இத்துறையில் தொடர்ந்து காணப்படுகிறது. அப்போக்கின் தருக்கப் பிழையை, வெளியான ஆய்வுகளின் முடிவுகளைக் கொண்டே இக்கட்டுரை சுட்டுகிறது. பிழையின் அளவை மட்டும் நோக்காது, பிழையின் வகையையும் அது நிகழும் சூழலையும் ஒப்பிடுதலே பயன்தரும் என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: எண்ணளவு, காட்சித் திரிபு, அளவு மாறாமை, முதனிகள், குழந்தை உளவியல், ஒப்பீட்டு முறையியல்

முன்னுரை

ஓர் உயிர் உலகை எவ்வாறு காண்கிறது என்பதை அதன் சரியான விடைகளைக் காட்டிலும் தவறான விடைகளே தெளிவாகக் காட்டுகின்றன. சரியான விடையைப் பல வழிகளில் எட்டலாம். ஒரே வகையில் மீண்டும் மீண்டும் நிகழும் தவறோ, காணும் முறையின் அமைப்பை வெளிப்படுத்தும். இக்கருத்தே காட்சித் திரிபு ஆய்வுகளுக்கு அடிப்படையாகும். ஆயினும், இரு உயிர்கள் ஒரே தவறைச் செய்தால் அவை ஒரே காரணத்தால்தான் செய்கின்றனவா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. குழந்தையைக் குரங்கோடு ஒப்பிடும் ஆய்வுகள் பலவும் இவ்வினாவை எழுப்பாமலே கடந்து விடுகின்றன.

நீளமும் எண்ணும்

ழான் பியாஜேயும் அலினா செமின்ஸ்காவும் 1941இல் வெளியிட்ட நூல், குழந்தையின் எண்ணறிவு பற்றிய ஆய்வுகளுக்குத் தொடக்கப்புள்ளியாக அமைந்தது. சம எண்ணிக்கையுள்ள இரு வரிசைகளில் ஒன்றை அகலப் பரப்பினால், ஆறேழு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் நீண்ட வரிசையிலேயே மிகுதியான பொருள்கள் உள்ளன என்பர். எண்ணளவு மாறாமை என்னும் கருத்து அவ்வயதில் உருப்பெறவில்லை என்பது பியாஜேயின் விளக்கம்.

இவ்விளக்கத்தை மெஹ்லரும் பெவரும் 1967இல் மறுத்தனர். ஆறு பொருள்களைக் கொண்ட குறுகிய வரிசையையும் நான்கு பொருள்களைக் கொண்ட நீண்ட வரிசையையும் அவர்கள் குழந்தைகளின் முன்வைத்தனர். ஏறத்தாழ இரண்டரை வயதினர் சரியான வரிசையைக் காட்டினர். மூன்று வயது கடந்தோர் நீண்ட வரிசையைக் காட்டித் தவறினர். நான்கரை வயதுக்குப்பின் மீண்டும் சரியான விடை வந்தது. களிமண் உருண்டைகளுக்கு மாற்றாக மிட்டாய்களை வைத்து, உண்ண விரும்பும் வரிசையை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது தவறு பெரிதும் குறைந்தது. பியாஜே 1968இல் இதற்கு மறுப்பு எழுதினார். தொடக்கத்தில் சமமாக இருந்ததைக் காட்டாத சோதனை, மாறாமையைச் சோதிப்பதாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். பின்னர் மெக்கரிகலும் டொனால்ட்சனும், ஆய்வாளர் கைபடாமல் ஒரு குறும்புக் கரடிப் பொம்மை ‘தற்செயலாக’ வரிசையைக் கலைத்தது போன்ற சூழலை அமைத்தனர். அப்போது நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் எண்ணிக்கை மாறவில்லை என்றே விடையளித்தனர்.

இம்மூன்று ஆய்வுகளும் சேர்ந்து உணர்த்துவது ஒன்றுண்டு. குழந்தையின் விடை அதன் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் காட்டுவதன்று; கேட்டவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பது பற்றிய அதன் ஊகத்தையும் காட்டுகிறது. பெரியவர் ஒருவர் வரிசையை வேண்டுமென்றே மாற்றிவிட்டு அதே வினாவை மீண்டும் கேட்டால், விடையும் மாறவேண்டும் என்று குழந்தை கருதுவதற்கு இடமுண்டு.

சிம்பன்சியிடம் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. உட்ரஃப், பிரேமேக், கெனல் ஆகியோர் 1978இல் சாரா என்னும் சிம்பன்சியைச் சோதித்தனர். ‘ஒன்று’, ‘வேறு’ என்பவற்றைக் குறிக்கும் குறிகளைக் கையாளப் பழகியிருந்த சாரா, நீர்மத்தின் அளவும் திண்மத்தின் அளவும் வடிவ மாற்றத்தால் மாறுவதில்லை எனச் சரியாக மதிப்பிட்டது. எண்ணளவில் அவ்வாறு மதிப்பிட இயலவில்லை. ஒரு திறனில் வளர்ந்த குழந்தையை ஒத்தும், மற்றொன்றில் ஒவ்வாமலும் சாரா நிற்கிறது. ‘சிம்பன்சியின் அறிவு இத்தனை வயதுக் குழந்தையின் அறிவுக்கு நிகர்’ என்னும் எளிய வாய்பாட்டை இந்த ஒரு முடிவே தகர்க்கப் போதுமானது.

உணவின் ஈர்ப்பு

பாய்சனும் பெர்ன்ட்சனும் 1995இல் வெளியிட்ட ஆய்வு மேலும் நுட்பமானது. இரு தட்டுகளில் வெவ்வேறு எண்ணிக்கையில் மிட்டாய்கள் வைக்கப்பட்டன. சிம்பன்சி சுட்டிய தட்டு மற்றொரு சிம்பன்சிக்குச் சென்றது. சுட்டாத தட்டே அதற்குக் கிடைத்தது. மிகுதியாகப் பெறச் சிறிய தட்டையே சுட்டவேண்டும். பலமுறை இழந்தபின்னும் சிம்பன்சிகள் பெரிய தட்டையே சுட்டின. மிட்டாய்களுக்கு மாற்றாக அவை முன்பே கற்றிருந்த எண்குறிகளை வைத்ததும் சிறிய எண்ணைச் சுட்டின. மிட்டாய்கள் திரும்பியதும் பழைய தவறும் திரும்பியது.

கார்ல்சன், டேவிஸ், லீச் ஆகியோர் 2005இல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் இதையொத்த சோதனையை நடத்தினர். மிட்டாய்களைக் கண்முன் வைத்தபோது அக்குழந்தைகளும் தடுமாறினர். மிட்டாய்களுக்கு மாற்றாகக் குறியீடுகளை வைத்தபோது தேறினர். இங்கே இரு உயிர்களுக்கும் இடையேயான ஒற்றுமை வெறும் மதிப்பெண் ஒற்றுமையன்று. எந்தச் சூழலில் தவறு தோன்றுகிறது, எதனை மாற்றினால் மறைகிறது என்னும் இரண்டும் ஒத்துள்ளன. தவறு அளவறிதலில் இல்லை. அறிந்த பின்னும் கையை அடக்க இயலாமையில் உள்ளது என்னும் முடிவுக்கு இவ்வொற்றுமை வலுவூட்டுகிறது. ஒப்பீடு எப்படி அமையவேண்டும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

திரிபின் எதிர்த்திசை

காட்சித் திரிபுகளுக்கு வரும்போது நிலைமை தலைகீழாகிறது. எபிங்ஹாஸ் திரிபில், பெரிய வட்டங்கள் சூழ்ந்த நடுவட்டம் சிறியதாகவும் சிறிய வட்டங்கள் சூழ்ந்த நடுவட்டம் பெரியதாகவும் தோன்றும். பாரோனும் ஃபாகோவும் 2007இல் மனிதரிடம் இத்திரிபைக் கண்டனர், பபூன்களிடம் காணவில்லை. டோஹர்ட்டியும் பிறரும் 2010இல் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இத்திரிபு மிகக் குறைவு அல்லது இல்லை எனக் காட்டினர். திரிபூட்டும் படங்களில் சிறுவர்கள் பெரியோரினும் துல்லியமாக அளவிட்டனர்.

எண்ணளவு மாறாமையில் வளர்ச்சி என்பது தவறு குறைதல். எபிங்ஹாஸ் திரிபில் வளர்ச்சி என்பது தவறு கூடுதல். இரண்டிலும் தவறுக்கு ஏதுவாவது பொருள்களின் இடஅமைப்பே. ஆதலின் ‘அமைப்பால் ஏமாறுவது முதிராமையின் அடையாளம்’ என்னும் பொதுவிதி நிற்கவில்லை. எவ்வகை அமைப்பு, எந்த வயதில், எந்த உயிரை ஈர்க்கிறது என்பதே கேட்கத்தக்க வினா.

எண்ணளவையும் திரிபையும் ஒருங்கே இணைப்பது, ஃபிரித் இணையர் 1972இல் விவரித்த ‘சாலிட்டேர் திரிபு’. சிலுவை வடிவில் அடுக்கிய இருநிறப் புள்ளிகளில், நடுவே திரண்டிருக்கும் நிறம், ஓரங்களில் பிரிந்து கிடக்கும் நிறத்தைவிட மிகுதியாகத் தோன்றும். உண்மையில் இரண்டும் சமம். பாரிஷ், அக்ரில்லோ, பெர்டியூ, பெரன் ஆகியோர் 2016இல் குழந்தைகளையும் கபுச்சின் குரங்குகளையும் கணினிவழிச் சோதனையில் இத்திரிபு கொண்டு ஒப்பிட்டனர். குரங்குகள் மொத்தத்தில் திரிபை உணர்ந்தன எனினும் தனி உயிர்களுக்கிடையே பெரும் வேறுபாடு இருந்தது. இளைய குழந்தைகளின் நிலை குரங்குகளை ஒத்திருந்தது. மூத்த குழந்தைகள் உறுதியாகத் திரிபை உணர்ந்தனர். மனிதருக்கே உரிய காட்சி அனுபவங்கள் இத்திரிபு தோன்றக் காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கூற்று.

முறையியல் மதிப்பீடு

இம்முடிவு கவனமாகச் சொல்லப்பட்டதே. எனினும் ‘இளைய குழந்தைகள் குரங்குகளை ஒத்தனர்’ என்னும் தொடரில் இரு பொருள்கள் கலந்துள்ளன. ஒரு குழுவில் சிலர் வலுவாகத் திரிபுற்று, சிலர் திரிபுறாதிருந்தால் அதன் சராசரி நடுத்தரமாகும். எல்லோரும் சிறிதளவே திரிபுற்றாலும் சராசரி அதுவேயாகும். தனியுயிர் வேறுபாடு பெரிதாக உள்ள குழுவின் சராசரியைக் கொண்டு மட்டும் ஒற்றுமையை நிறுவ இயலாது.

சோதனையின் வடிவமும் முடிவை மாற்றவல்லது. பாரிஷ், பிராஸ்னன், பெரன் ஆகியோர் 2015இல் டெல்பூஃப் திரிபைச் சோதித்தபோது, இரு புள்ளிகளுள் பெரியதைத் தெரிவு செய்யும் பணியில் மனிதர் திரிபுற்றனர், குரங்குகள் திரிபுறவில்லை. ஒரு புள்ளியைச் ‘சிறியது’, ‘பெரியது’ என வகைப்படுத்தும் பணியிலோ குரங்குகளிடமும் திரிபின் சான்று கிடைத்தது. முதற்சோதனையோடு நின்றிருந்தால் ‘குரங்குக்கு இத்திரிபு இல்லை’ என்னும் பிழையான முடிவே நூல்களில் நிலைத்திருக்கும்.

மூன்றாவது, அறிவுறுத்தலின் வேறுபாடு. குழந்தைக்குப் பணி சொல்லால் விளக்கப்படுகிறது. குரங்குக்கு உணவுப் பரிசின் வழியே பழக்கப்படுகிறது. பரிசு துல்லியத்துக்கே வழங்கப்படும்போது, படத்தின் முழுமையை விடுத்து உரிய கூறில் மட்டும் கருத்தூன்றக் குரங்கு கற்றுக்கொள்ளக்கூடும். அவ்வாறு தோன்றும் திரிபின்மை, காட்சியின் இயல்பன்று, பயிற்சியின் விளைவு.

ஏணியின் ஆபத்து

இவ்வொப்பீட்டின் பின்புலத்தில் பழைய ஏணி ஒன்று மறைந்துள்ளது: குரங்கு, குழந்தை, முதிர்ந்த மனிதர் என்னும் படிநிலை. இந்த ஏணி ஆய்வகத்தோடு நிற்பதில்லை. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1898ஆம் ஆண்டு டாரஸ் நீரிணைப் பயணத்திலும், பின்னர் நீலகிரித் தோடர்களிடமும் காட்சித் திரிபுகளைச் சோதித்தார். முல்லர்-லயர் திரிபுக்கு ஆங்கிலேயரைவிடத் தோடர் குறைவாகவே ஆட்பட்டனர். கிடை – செங்குத்துக் கோட்டுத் திரிபுக்கோ மிகுதியாக ஆட்பட்டனர். ஒரே மக்கள் ஒன்றில் குறைந்தும் ஒன்றில் மிகுந்தும் நின்றதால், அவர்களை எந்தப் படியிலும் நிறுத்த இயலவில்லை. சீகல், கேம்பல், ஹெர்ஸ்கோவிட்ஸ் ஆகியோர் 1966இல் இத்தகைய வேறுபாடுகளுக்கு வாழிடச் சூழலைக் காரணமாக முன்வைத்தனர்.

நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் எபிங்ஹாஸ் திரிபு குறைவாக இருப்பதை டி ஃபோக்கர்ட்டும் பிறரும் 2007இல் காட்டினர். பபூனும் இளங்குழந்தையும் இத்திரிபில் ஒத்திருப்பதால் அவை ஒரே படியில் நிற்பன என்று வாதிட்டால், அதே தருக்கம் ஹிம்பா முதியோரையும் அப்படியிலேயே நிறுத்திவிடும். அம்முடிவு அறமன்று என்பது ஒருபுறமிருக்க, அது உண்மையும் அன்று. ஹிம்பா முதியவர் முழு வளர்ச்சியடைந்த காட்சி அறிவோடு, தம் சூழலுக்கேற்பக் கூறுகளைப் பிரித்துக் காண்பவர். ஒரே மதிப்பெண்ணுக்கு மூன்று வேறு வழிகள் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

முதனிகளையும் குழந்தைகளையும் ஒப்பிடுதல் பயனற்றது என்பது இம்மதிப்பீட்டின் பொருளன்று. பாய்சன், கார்ல்சன் ஆய்வுகள் அதன் பயனை நன்கு காட்டுகின்றன. ஒப்பீடு வலுப்பெற மூன்று நிபந்தனைகள் நிறைவேறவேண்டும். தவறு தோன்றும் சூழலும் மறையும் சூழலும் இருசாராரிடமும் ஒத்திருத்தல் வேண்டும். முடிவு ஒன்றுக்கு மேற்பட்ட பணி வடிவங்களில் நிலைபெறுதல் வேண்டும். குழுச் சராசரியோடு தனியுயிர்களின் பரவலும் ஒப்பிடப்படுதல் வேண்டும். இவை நிறைவேறாத இடத்தில், ‘குரங்கைப் போன்ற குழந்தை’ என்பது இருவர் பெற்ற எண்கள் ஒத்திருந்ததைக் கூறும் விவரணையாக மட்டுமே நிற்கும். இருவர் காணும் உலகைப் பற்றிய விளக்கமாகாது.